கையெழுத்து வித்தியாசம்

எங்கள் கிளையில் திருப்பிக் கொடுக்கப்படும் காகிதங்களில் அதிகமும் எழுதப்படுகிற காரணம் ‘கையெழுத்து வித்தியாசம்’ என்பதுதான். பதினோரு வருஷ குமாஸ்தா உத்தியோகத்தில் எத்தனை சீட்டுகளில் இதை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கை நடுங்கும் கிழவர்கள், அவசரத்தில் இனிஷியலை விழுங்கிவிடுகிறவர்கள், பத்து வருஷத்துக்கு முன் எப்படிப் போட்டோம் என்பதை மறந்துபோனவர்கள். எழுதும்போது மனசில் எதுவும் நிகழ்வதில்லை. சென்ற வருஷம் ஆடி மாதம் ஒரு சீட்டில் இதை எழுதியபோதும் எதுவும் நிகழவில்லை. அப்படி நிகழாமல் போனதைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். கூவாகம் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது. சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு வருகிற திருநங்கைகளால் ஊர் லாட்ஜுகள் நிரம்பும். பத்திரிகைக்காரர்கள் காமிராவுடன் வருவார்கள். மீதி பதினோரு மாதமும் அவர்கள் இந்த ஊரில் எங்கே இருக்கிறார்கள் என்று நான் யோசித்ததில்லை. ஆடி மாதம் கௌண்ட்டருக்கு வந்தவர் கல்யாணச் சமையல் கோஷ்டி ஒன்றில் வேலை செய்கிறவர். என் வயசு இருக்கும். கல்லூரியில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு. அதில்தான் சேமிப்பு முழுவதும். ஏடிஎம் கார்டு காலாவதியாகிவிட்டது. கணினித் திரையில் அரும்பு மீசையுடன் ஒரு பையனின் படம். கண்ணாடிக்கு அப்பால் நீலப் புடவையில் ஒரு பெண்.

அவரிடம் பெயர் மாற்றம் வெளியான அரசிதழ் நகல் இருந்தது. புதுப் பெயரில் ஆதார் இருந்தது. நான் திரையில் இருந்த பெயரை, பழைய பெயரை, வழக்கமான குரலில் உரக்கப் படித்து “இது யாரு?” என்று கேட்டேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. “நான்தான் சார்” என்றார். பழைய மாதிரியே கையெழுத்துப் போடச் சொன்னேன். ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று முறை முயன்றார். மூன்றும் மூன்று விதமாக வந்தன. “வர மாட்டேங்குது சார்” என்றார். சீட்டில் காரணத்தை எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றி பழக்கத்தில் வந்தது. அதற்குப் பின்னால் எத்தனை கௌண்ட்டர்கள் இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

பின்சீட்டிலிருந்து சக ஊழியர் கேட்டார்: “அது எதுக்கு வந்துச்சு?”

தமிழ் பாஷையில் இது ஒரு சங்கடம். படர்க்கையில் ஒரு வினைச் சொல்லை முடிக்க வேண்டுமானால் ஆணா பெண்ணா என்று தீர்மானித்தாக வேண்டும். வந்தான், வந்தாள். தீர்மானிக்க மனமில்லாதவன் ‘வந்தது’ என்று அஃறிணைக்குள் தள்ளிவிடுகிறான். நான் நாசூக்கான ஆள். ‘அவர்’ என்று சொல்வேன். மரியாதைப் பன்மை எனக்கு ஒரு மறைவிடம். அதில் பாலும் இல்லை, பொறுப்பும் இல்லை.

அன்றிரவு, குற்ற உணர்வினால் அல்ல, வெறும் இலக்கண ஆர்வத்தினால் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இந்தப் பிரச்னையை எடுத்துக்கொள்கிறது. ஆண்மை திரிந்தவர்களுக்கென்று தனி ஈறு கிடையாது, உயர்திணையின் ஈறுகளையே அவர்கள் ஏற்பார்கள் என்று விதிக்கிறது. 13ஆம் நூற்றாண்டு நன்னூல் இன்னும் ஓர் அடி முன்னே போகிறது. ஆண் தன்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவர் பெண்பால், பெண் தன்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவர் ஆண்பால். விருப்பமே பாலைத் தீர்மானிக்கிறது. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தன் பாலைத் தானே சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்ததே, அதற்கு எழுநூறு வருஷங்களுக்கு முந்தைய சூத்திரம் இது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் நேர்மையாகச் சூத்திரத்தைக் கடைசிவரை படிக்க வேண்டும். இருவரும் அஃறிணை போலவும் ஆவார்கள் என்று பவணந்தி அங்கேயே சேர்த்துவிடுகிறார். இரண்டு கதவையும் மரபு திறந்துதான் வைத்திருக்கிறது. எந்தக் கதவு வழியாக ஒருவரை உள்ளே விடுகிறோம் என்பது கௌண்ட்டரில் உட்கார்ந்திருப்பவன் கையில்.

இதை அப்போது ஒரு சுவாரஸ்யமான குறிப்பாக நோட்டில் எழுதிவைத்தேன். கட்டுரைக்கு ஆகும் என்று நினைத்தேன். இப்படித்தான் நமக்குப் பழக்கம்.

கார்த்திகையில் வயதான ஒரு திருநங்கை கிளைக்கு வந்தார். அவர்களுக்குள் இருக்கும் உறவு முறையில் அந்தப் பெண்ணுக்கு இவர் அம்மா. மகளின் கணக்கில் பணம் எடுக்க என்ன வழி என்று கேட்டார். கணக்குக்காரரே வரவேண்டும் என்றேன். “வருவா தம்பி. இப்பதான் எழுந்து நடமாடறா” என்றார். கூட்டம் இல்லாத மத்தியானம். நான் கேட்காமலே சொன்னார். ஆவணியில் அந்தப் பெண் சாகப் பார்த்திருக்கிறார்.

“வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாரு. வேற ஒருத்தர் வீடு தரேன்னு சொல்லி அட்வான்ஸ் கேட்டாரு. அதுக்குத்தான் பணம் எடுக்க வந்தா. அது ஆகல. அந்த வீடும் போச்சு.” இதை என்னைக் குற்றம் சொல்லும் தொனியில் அவர் சொல்லவில்லை. கடந்துபோன மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஒரு மனிதர் உயிரை விட நினைப்பதற்கு ஒரே ஒரு காரணத்தைக் காட்டுவது கதைக்காரனின் சோம்பல். என் நாலெழுத்துக் குறிப்பால் அது நேர்ந்தது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வதிலும் ஓர் அகந்தை உண்டு. ஆனால் பதினைந்து வயதில் வீட்டிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து ஆடி மாதம்வரை அவர் முன்னால் நீட்டப்பட்ட காகிதங்களின் வரிசையில் என் சீட்டும் ஒன்று. அதை என்னால் வரிசையிலிருந்து உருவி எடுக்க முடியாது.

மருத்துவமனையில் நடந்ததையும் சொன்னார். ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்று முடிவாகிறவரை வராந்தாவிலேயே கிடத்தியிருந்தார்களாம். உயிர் பிழைத்தபின் மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப்போயிருக்கிறார்கள். “எப்பருந்து இப்பிடி, வீட்ல தெரியுமா, பழையபடி இருக்க முயற்சி பண்ணிப் பாத்தியான்னு கேட்டாரு. தூக்கம் வருதா, சோறு எறங்குதான்னு கேக்கவேயில்ல. அவரு நோயக் கேக்கல தம்பி. ஆளையே நோயின்னு எடுத்துக்கிட்டாரு.”

மனோதத்துவப் புத்தகங்கள் பல பக்கங்களில் சுற்றிச் சொல்வதை அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. மருத்துவ உலகமே இந்த வாக்கியத்துக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்திருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் நோய்களை வகைப்படுத்தும் தன் பட்டியலின் பதினோராம் திருத்தத்தை 2019இல் ஏற்றது. அது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறப்பில் குறித்த பாலும் உணரும் பாலும் ஒத்துப்போகாத நிலையை அதில்தான் மனநோய்களின் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். திருநங்கையாக இருப்பது, திருநம்பியாக இருப்பது நோயல்ல. அப்படி இருப்பவருக்கு வரும் மனச்சோர்வு நோய்தான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத இடத்தில் சிகிச்சை என்று ஒன்று ஆரம்பிக்கவே முடியாது.

அந்தச் சோர்வு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இலான் மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் விரித்துச் சொன்ன விளக்கம் ஒன்று உண்டு. ஓரினச் சேர்க்கையாளர்களை வைத்து அவர் சொன்னதைப் பிறகு 2012இல் வேறு இருவர் பாலினம் மாறியவர்களுக்கும் பொருத்திக் காட்டினார்கள். வசவு, அடி, வேலை மறுப்பு, வீடு மறுப்பு இவையெல்லாம் வெளியிலிருந்து வருபவை. இவற்றின் எண்ணிக்கை குறைவாக இருக்கும் நாளில்கூட உள்ளே வேறொன்று ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த அவமானத்தை எதிர்பார்த்து உடம்பு விறைத்து நிற்பது. தன்னை மறைத்துக்கொள்ள வேண்டியிருப்பது. கடைசியில், ஊர் தன்னைப் பற்றி நினைப்பதைத் தானும் நம்பத் தொடங்கிவிடுவது. வங்கிக்குப் பணம் எடுக்க வருகிறவர் வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்று தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறார் என்றால் அந்த ஒரு நிமிஷம்தான் நோய் விளைகிற வயல். அதை உண்டாக்குகிறவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறான்.

பெயரைப் பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது. 2018இல் வெளியானது. அமெரிக்காவின் மூன்று நகரங்களில் 15 முதல் 21 வயதுவரை உள்ள 129 பேரிடம் எடுத்தது. வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் என்ற நான்கு இடங்களில் எத்தனை இடத்தில் அவர்கள் தேர்ந்துகொண்ட பெயரால் அழைக்கப்படுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஓரிடம் கூடினால் தற்கொலை எண்ணம் 29 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. சிறிய ஆய்வு, தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிரூபிப்பதல்ல. விமர்சகனாக இந்த எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் குமாஸ்தாவாக எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. அந்த நாலு இடங்களோடு ஐந்தாவதாக ஒரு கௌண்ட்டர் இருந்திருக்கலாம். மருந்து இல்லை, ஆலோசனைக் கட்டணம் இல்லை, ஒரு பெயரைச் சரியாகப் படிப்பது மட்டுமே.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். நம் விஷயம் என்று நான் சொல்வது இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்திருக்கும் நம் சிறு வட்டத்தை.

இங்கே நாலு வருஷங்களுக்கு முன் நவீன கவிதையில் அந்நியமாதல் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினேன். உங்களில் இரண்டு பேர் கடிதம் எழுதினீர்கள். தற்கொலையைத் தத்துவத்தின் தலையாய பிரச்னையாக வைத்த காம்யூவிலிருந்து தொடங்கி, தமிழ்க் கவிஞர்களின் தனிமை, இருப்பின் வியாகூலம் என்றெல்லாம் விஸ்தரித்திருந்தேன். இப்போது அதைத் திரும்பப் படித்தால் அந்த அந்நியர்கள் எல்லோருக்கும் ஒரு பொதுத்தன்மை இருப்பது தெரிகிறது. அவர்கள் யாரும் பெயர் சொல்லி அழைக்கப்படுவதற்குப் பயந்தவர்கள் அல்ல. வாடகைக்கு வீடு கிடைக்காதவர்கள் அல்ல. அறையில் தனியாக உட்கார்ந்து வாழ்வின் அர்த்தமின்மையை யோசிக்க அவர்களுக்கு முதலில் ஓர் அறை இருந்தது.

கி. ராஜநாராயணனின் ‘கோமதி’யைப் படித்திருக்கிறேன், அதன் நடையைப் பற்றி மட்டும் ஒரு பாராவில் எழுதினேன். சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’யைப் பிரசாரம் என்று ஒதுக்கினேன். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ 2007இல் வந்தது. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ 2011இல் வந்தது. தன்வரலாறுகள் வாழ்க்கைச் சாட்சியமே தவிர சிருஷ்டி ஆகா என்று ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அந்த அபிப்பிராயத்தில் விவாதிக்க இடமிருக்கலாம். ஆனால் சாட்சியம் என்று சொன்ன மாத்திரத்தில் படிக்கிற கடமையிலிருந்து விடுபட்டுவிட்டதாக நான் நினைத்துக்கொண்டதுதான் உண்மை. அங்கேயும் ‘கையெழுத்து வித்தியாசம்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. எந்த மாதிரி? நாமே எடுத்துவைத்திருக்கும் மாதிரி.

இதற்கு நேரெதிரான ஒரு வாசிப்பை நான் ஒரு தீர்ப்பில் கண்டேன். சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு பெண்கள், தங்களைப் பிரிக்க முயன்ற பெற்றோரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கு. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இந்த விஷயத்தில் தமக்குத் தெளிவு போதாது என்பதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். மனநல நிபுணர் ஒருவரிடம் மாணவரைப் போல உட்கார்ந்து கேட்டறிந்தார். அதன் பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று விரிவான உத்தரவைப் பிறப்பித்தார். ஒருவரின் பாலினத்தையோ விருப்பத்தையோ மருத்துவத்தால் ‘மாற்றும்’ முயற்சிகளை அது தடை செய்தது. அப்படிச் செய்பவர்களின் உரிமத்தை ரத்து செய்வதுவரை நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய முயற்சியைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. சட்டத்தின் பலன் ஒருபுறம் இருக்கட்டும். தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் உள்ளவர், தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் கற்றுக்கொள்ளப் போனார் என்பதுதான் என்னைத் தைத்தது. விமர்சனம் என்று நாம் சொல்லிக்கொள்வதன் ஆரம்பம் அதுவாக இருந்திருக்க வேண்டும்.

காகிதங்களுக்குக் குறைவே இல்லை. பயம், வெட்கம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றை அரசுகள் கவனிக்க வேண்டும் என்று 2014 தீர்ப்பே பட்டியலிட்டது. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் பாலினத்தைக் காட்டிச் சிகிச்சையில் பேதம் செய்யக் கூடாது என்றது. உயிரை விட முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் சொன்னது. தமிழ்நாடு 2008லேயே அரவாணிகள் நல வாரியம் அமைத்தது; இந்தியாவில் அதுதான் முதல். எங்கள் துறைக்கும் ஒரு காகிதம் உண்டு. படிவங்களில் மூன்றாம் பாலினத்துக்கு இடம் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015 ஏப்ரல் 23 அன்று எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சுற்றறிக்கைக் கோப்பில் ‘பார்த்தேன்’ என்பதற்கு அடையாளமாக என் சுருக்கொப்பம் இருந்தது. தேடி எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் வித்தியாசம் இல்லை.

மகளை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். மருத்துவமனையிலிருந்து வந்தபின் பதினெட்டு ராத்திரி, ஆள் மாற்றி ஆள், தூங்காமல் கூடவே இருந்தார்களாம். என்ன பேசுவீர்கள் என்றேன். “பேச்சு என்ன பேச்சு? முகூர்த்த நாளு. பத்துப் பத்துக் கிலோவா பூண்டு உரிச்சோம். அவ கையிலயும் கொடுத்தோம்.” பிறகு வேறு ஊரில் ஒரு பெண் மருத்துவர் கிடைத்திருக்கிறார். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டாராம், அடுத்ததாகத் தூக்கத்தைப் பற்றிக் கேட்டாராம். மாத்திரை கொடுத்தார். அது வேலை செய்தது. பூண்டு உரித்த ராத்திரிகளும் வேண்டும், அந்த மாத்திரையும் வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. ஒன்றை உயர்த்தி மற்றதை இகழ்வது வெளியாட்களின் சௌகரியம். இந்த ஜமாத் உறவிலும் கட்டுப்பாடுகள், கசப்புகள் உண்டு என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். திருநம்பிகளுக்கு அப்படி ஓர் அம்மாகூட வாய்ப்பது அரிது.

2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசி எண் 14416ஐ ஒரு செலானின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். “தெரியும் தம்பி, எங்க பசங்க சுவத்துல எழுதி வெச்சிருக்காங்க” என்றார். “ஒருத்தி கேட்டா, போன் எடுத்ததும் பேரு கேப்பாங்களான்னு. எந்தப் பேரச் சொல்றதுன்னு அவளுக்குப் பயம். உன் பேரச் சொல்லுடின்னேன்.”

தை பிறந்து இரண்டாவது வாரம் அந்தப் பெண் வந்தார். மெலிந்திருந்தார். அதே பை. கடைநிலை ஊழியரிடம், “அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்க” என்றேன். பின்சீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அரசிதழ் நகல், ஆதார் நகல், ஒரு விண்ணப்பம், புது மாதிரிக் கையெழுத்து அட்டை, மானேஜரின் ஒப்பம். முழுவதும் முடியப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வழி ஆடி மாதமும் இருந்தது. எனக்குத் தெரிந்தும் இருந்தது. அன்று வரிசை நீளமாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது பொய்யல்ல, பதிலும் அல்ல.

“மேடம், இங்க மூணு இடத்துல கையெழுத்துப் போடுங்க” என்றேன்.

போட்டார். மூன்றும் ஒன்றுபோல இருந்தன. திரையில் பழைய பெயரை மாற்றினேன். பையனின் படத்தை எடுத்துவிட்டுப் புதுப் படத்தை ஏற்றினேன். பழையது அடியோடு அழிந்துபோகாது, எங்கேயாவது ஒரு பதிவேட்டில் கிடக்கும். கௌண்ட்டரில் இருப்பவன் கண்ணில் படாது, உரக்கப் படிக்க முடியாது, அவ்வளவுதான்.

“பணம் இன்னிக்கே எடுத்துக்கறீங்களா?”

“இல்ல சார், போட வந்தேன். அட்வான்ஸுக்குச் சேக்கறேன். இன்னும் வீடு கிடைக்கல.”

நூறு ரூபாய் நோட்டுகள். இரண்டு முறை எண்ணி வாங்கிக்கொண்டு, புதுப் பெயரில் அச்சான முதல் ரசீதைக் கொடுத்தேன். பெயரை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.